துயில் எழாத தொடுபலகை

நுழையும்முன்

கணினி பழுதானால் கடைக்குக் கொண்டு செல்வது ஒரு வழி. பழுது எங்கே இருக்கிறது என்று கணினியிடமே கேட்டு அறிவது மற்றொரு வழி. கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி இரண்டாம் வழியில் சென்றதை இப்பாடம் கூறுகிறது.

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரியில், ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனைக்குச் செல்வதற்குள் நான்கு மொழிகள் காதில் விழும். மலையாளம் எங்கும் ஒலிக்கும். கோவிலைச் சுற்றியுள்ள வீடுகளில் கொங்கணி பேசுவர். மிளகும் சுக்கும் அடுக்கிய பண்டகசாலைகளின் பக்கம் குசராத்தி கேட்கும். சில வீடுகளின் திண்ணைகளில் தமிழ் கேட்கும். அத்தகைய வீடு ஒன்றில் எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருந்தாள். மத்தியப் பள்ளியில் பயில்பவள். அங்கே தமிழை விருப்பப்பாடமாக எடுத்திருந்தாள்.

அவளுடைய தந்தை, ஃபோர்ட் கொச்சியை அடுத்த வேளியில் உள்ள பொதுச் சலவைக்கூடத்தில் பணிபுரிகிறார். தோபிகானா என்று ஊரார் அழைக்கும் அக்கூடத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் துணி வெளுத்து வருகின்றன. தனித்தனி அறைகளில் கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, முறுக்கிய கயிறுகளின் இடுக்கில் துணியைச் செருகி உலர்த்துவார்கள். அங்கே துணிப்பிடிப்புகளுக்கு வேலை இல்லை. ஊரில் உள்ள தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அங்கேதான் வெண்மை பெறுகின்றன.

எத்தனை விரிப்புகள் வந்தன, எத்தனை திரும்பின, யார் எவ்வளவு தரவேண்டும் என்னும் கணக்கு, முன்பு ஒரு நீளமான பேரேட்டில் இருந்தது. இப்போது அது ஒரு மடிக்கணினியில் இருக்கிறது. மாலைதோறும் சிறுமிதான் கணக்கை ஏற்றுவாள். சனிக்கிழமைதோறும் ஐந்து விடுதிகளுக்கும் பட்டியல் அச்சிட்டுக் கொடுப்பாள். பட்டியல் கொடுத்தால்தான் பணம் வரும்.

அந்த மடிக்கணினிக்கும் ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பரில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பயில்வோருக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. திருநெல்வேலிப் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த அவளுடைய மாமாவுக்கு அப்படிக் கிடைத்தது இது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் ‘பாஸ்’ என்னும் லினக்சு இயங்குதளமும் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவானது அது. மாமா வேலைக்குச் சென்று புதுக் கணினி வாங்கியதும், பழையதைத் துணிப்பையில் சுற்றித் தம் தமக்கை மகளுக்குக் கொடுத்தனுப்பினார்.

கொச்சிக்கு வந்தபின் அதில் மற்றொரு லினக்சு குடியேறியது. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பயிலும் மலையாளப் பெண் ஒருத்தி இருந்தாள். சிறுமிக்கு அவள் ‘சேச்சி’. கேரள அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடைபெறுகிறது. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் தொடங்கப்பட்டன. சேச்சி அம்மன்றத்தின் உறுப்பினர். கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்து அமைத்த லினக்சை யாரும் படியெடுத்து நிறுவலாம். விலையும் இல்லை, யாரிடமும் இசைவு கேட்கவும் தேவையில்லை. சேச்சி அதைத்தான் நிறுவிக் கொடுத்தாள்.

ஆடி மழை பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிறுமி கணக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது தாய் அழைத்தாள். மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்து திறந்தாள். திரை ஒளிர்ந்தது, விட்ட இடத்திலேயே கணக்கும் நின்றது. ஆனால் தொடுபலகை, அதாவது எல்லாரும் டச்பேட் என்று சொல்லும் அந்தச் சிறு சதுரம், விரலுக்கு அசையவில்லை. சுட்டி திரையின் நடுவில் நின்ற இடத்திலேயே நின்றது.

“மழை ஈரம் உள்ளே போயிருக்கும்” என்றார் தந்தை. “பதினைந்து வயதுக் கிழட்டுப் பெட்டி. பழைய சாமான் வாங்குபவர் ஞாயிற்றுக்கிழமை வருவார், கொடுத்துவிடலாம்.” ஆச்சி மட்டும், “பேரேடு எங்கே இருக்கிறது என்று பார், அதற்கு மின்சாரமும் வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே வெற்றிலை மடித்தார்.

சிறுமிக்கு அழுகை வந்தது. மூன்று மாதக் கணக்கு அதற்குள் இருந்தது. சேச்சியின் வீட்டுக்கு ஓடினாள்.

சேச்சி வந்து பார்த்ததும் தொடுபலகையைத் தொடவே இல்லை. “மோளே, முதலில் கணக்கைச் சேமி. கன்ட்ரோலும் எஸ்ஸும்” என்றாள். சிறுமி இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினாள். கணக்கு சேமிக்கப்பட்டது. இதனால் வேறொன்றும் தெரியவந்தது: விசைப்பலகை வேலை செய்கிறது, கணினி உறைந்துவிடவில்லை. பழுது ஓர் உறுப்போடு நின்றுவிட்டது.

அடுத்து, சேச்சி தன் வீட்டு எலியைக் கொண்டுவந்து யு.எஸ்.பி. துளையில் செருகினாள். திரையில் சுட்டி ஓடியது. ஆகவே சுட்டியை வரையும் பகுதியும் நலமாக இருக்கிறது. பிறகு, சதுரமும் விரலும் வரைந்த விசை ஒன்று மேல்வரிசையில் இருந்தது, எஃப்.என். விசையுடன் அதனைச் சேர்த்து அழுத்தினார்கள். பல மடிக்கணினிகளில் தட்டச்சுச் செய்யும்போது கை தவறி இது அழுந்தித் தொடுபலகை அணைந்துவிடும். பழுது என்று கடைக்கு வருவனவற்றில் சில இப்படிப்பட்டவையே. இங்கே அது காரணம் இல்லை. அமைப்புகள் பக்கத்திலும் தொடுபலகைக்கு எதிரே உள்ள பொத்தான் ‘இயங்கு’ நிலையிலேயே இருந்தது.

கணினியை அணைத்து மீண்டும் இயக்கினாள் சேச்சி. தொடுபலகை உடனே வேலை செய்தது.

“சரியாகிவிட்டது!” என்று குதித்தாள் சிறுமி.

“சரியாகவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. பொருள் சாகவில்லை. செத்த பொருள் மறுபடி எழாது அல்லவா? இனி, இது எப்போது நிற்கிறது என்று நீ குறித்து வை” என்றாள் சேச்சி.

சனிக்கிழமைப் பட்டியல் அச்சாகிவிட்டது. ஆயினும் சிறுமி தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்துக் குறிக்கத் தொடங்கினாள். அடுத்த மூன்று நாட்களில் நான்கு முறை கணினியை அணைத்து இயக்கினாள். நான்கு முறையும் தொடுபலகை வேலை செய்தது. ஐந்து முறை மூடியைச் சாத்தித் திறந்தாள். ஐந்து முறையும் நின்றது. தந்தை சொன்ன ஈரத்தையும் அவள் விடவில்லை. திங்கட்கிழமை நண்பகலில் வெயில் நன்றாக அடித்தது. அப்போதும் மூடியைச் சாத்தித் திறந்தாள், நின்றது. அன்றிரவு கொட்டும் மழையில், மூடியைச் சாத்தாமல் இரண்டு மணி நேரம் திறந்தே வைத்திருந்தாள், நிற்கவில்லை. ஈரத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. மூடியைச் சாத்தினால் கணினி உறங்கும். உறக்கத்திலிருந்து எழும்போதுதான் தொடுபலகை எழ மறுக்கிறது.

நோட்டைப் பார்த்த சேச்சி, “பாதி வேலை முடிந்தது” என்றாள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பழுது எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், அதனை நினைத்தபோது வரவழைத்துச் சோதிக்க முடியும். எப்போதாவது வந்து போகும் பழுதைத்தான் பிடிப்பது கடினம்.

ஏன் எழ மறுக்கிறது என்று அறியத் தொடுபலகை இயங்கும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சதுரத்தின் மேற்பரப்புக்கு அடியில் நுண்ணிய மின்கடத்திகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. விரல் நெருங்கியதும் அவ்விடத்தில் மின்தேக்கத்தின் அளவு சற்று மாறும். ஒரு சில்லு அம்மாற்றத்தை இடைவிடாமல் அளந்து, விரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கிடும். அழுத்தம் தேவையில்லை. ஆனால் விரலே வேண்டும். பென்சில் முனையால் தொட்டால் அசையாது.

அச்சில்லு கணினியிடம் பேச வேண்டுமே! பழைய மடிக்கணினிகளில் அது பி.எஸ்.2 என்னும் வழியாகப் பேசுகிறது. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினி வரிசையின் பெயரே அவ்வழிக்கும் வந்தது. எலிக்காக அமைந்த வழி அது. எனவே தொடுபலகை மின்சாரம் பெற்று விழித்ததும், தன்னை ஒரு சாதாரண எலியாகவே அறிமுகம் செய்துகொள்ளும். ‘இத்தனை புள்ளி வலப்பக்கம், இத்தனை புள்ளி மேலே’ என்பது மட்டுமே எலியின் மொழி. இரண்டு விரலால் பக்கத்தை உருட்டுவதெல்லாம் அம்மொழியில் சொல்ல இயலாது. அதற்குத் தொடுபலகையின் சொந்த மொழி வேண்டும்.

இயங்குதளத்தில் ஒவ்வொரு கருவியோடும் பேசுவதற்கென ஒரு நிரல் உண்டு. அதற்கு இயக்கி என்று பெயர். ஆங்கிலத்தில் டிரைவர் என்பார்கள். லினக்சில் பி.எஸ்.2 வழிக் கருவிகளுக்கான இயக்கியின் பெயர் ‘பி.எஸ்.மவுஸ்’. அது தொடுபலகையின் கதவைக் குறிப்பிட்ட முறையில் சில தடவை தட்டும். உண்மை எலிக்கு அத்தட்டலின் பொருள் தெரியாது. தொடுபலகையோ, ‘என்னை அறிந்தவர் வந்திருக்கிறார்’ என்று தன் உண்மைப் பெயரைச் சொல்லும். அதன்பின் இருவரும் சொந்த மொழியில் பேசத் தொடங்குவர். தெருவில் மலையாளம் பேசிவிட்டு, வீட்டுப் படி ஏறியதும் தமிழுக்கு மாறும் சிறுமிக்கு இது வியப்பாகத் தோன்றவில்லை.

மூடியைச் சாத்தியதும் தொடுபலகைக்குச் செல்லும் மின்சாரம் நிற்கிறது. விழிக்கும்போது அது மீண்டும் எலியின் மொழியில் தொடங்கும். இயக்கி மறுபடியும் கதவைத் தட்ட வேண்டும். பெரும்பாலான கணினிகளில் இது தானாகவே நடந்துவிடும். சிலவற்றில், தொடுபலகை முழுவதும் விழிப்பதற்கு முன்பே இயக்கி தட்டிவிடுகிறது, மறுமொழி கிடைக்காது. அப்புறம் ஒருவர் ஒரு மொழியிலும் மற்றவர் வேறு மொழியிலும் பேசிக்கொண்டிருப்பர். செய்தி பிறழும்.

இஃது ஊகம். உண்மைதானா என்று கணினியிடம் கேட்கலாம். லினக்சின் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட பகுதி அதுவே. கெர்னல் தான் காண்பதையெல்லாம் நாட்குறிப்புப்போல் எழுதி வைக்கும். சிறுமி மூடியைச் சாத்தித் திறந்து, பழுதை வரவழைத்தாள். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினாள். டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரம் திறந்தது. இதற்குத் தொடுபலகை தேவையில்லை. அதில் டி, எம், இ, எஸ், ஜி என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டினாள். நாட்குறிப்பு வரிவரியாக ஓடியது. இறுதிப் பகுதியில் ‘பி.எஸ்.மவுஸ்’ என்று தொடங்கும் வரிகள் இருந்தன. ‘லாஸ்ட் சிங்க்’ என்னும் சொற்கள் அவற்றில் திரும்பத் திரும்ப வந்தன. ஒத்திசைவு இழந்தது என்பது பொருள். தொடுபலகை அனுப்பும் செய்தி இன்ன வடிவில் தொடங்க வேண்டும் என்று இயக்கி எதிர்பார்க்கிறது; வந்தது அவ்வடிவில் இல்லை.

சிறுமி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஈரம் என்றும் கிழடு என்றும் வீட்டில் சொன்னதற்கெல்லாம் மாறாக, அந்தப் பெட்டி தன் நோயைத் தானே எழுதி வைத்திருந்தது.

“இயக்கியை ஒருமுறை கழற்றி மாட்டுவோம். மாட்டும் கட்டளையை முதலில் தாளில் எழுதிக்கொள். கழற்றிய பின் தேடக்கூடாது” என்றாள் சேச்சி.

‘மாட்ப்ரோப்’ என்பது இயக்கிகளைக் கழற்றவும் மாட்டவும் உதவும் கட்டளை. அதன் முன் ‘சூடோ’ என்று சேர்க்க வேண்டும்; கணினியின் மேலாளராக நின்று ஆணையிடுவதாக அதற்குப் பொருள். கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகையும் போய்விட்டதோ என்று சிறுமி அஞ்சினாள். பக்கத்தில் இருப்பவர் எழுத்துகளை எண்ணிவிடாமல் இருப்பதற்காகவே அவ்வாறு மறைக்கப்படுகிறது. முதல் கட்டளையில் மாட்ப்ரோப்புக்குப் பின் ஒரு சிறுகோடும் ஆர் என்னும் சிறிய எழுத்தும் இட்டு, பி.எஸ்.மவுஸ் என்று எழுதினாள். இயக்கி கழன்றது. இரண்டாம் கட்டளையில் கோடும் எழுத்தும் இல்லாமல் அதனையே எழுதினாள். இயக்கி மாட்டப்பட்டது, கதவு மீண்டும் தட்டப்பட்டது. இம்முறை தொடுபலகை நன்கு விழித்திருந்தது.

விரலை வைத்தாள். சுட்டி ஓடியது.

வேறொரு பழுதாக இருந்திருந்தால் இக்கட்டளையால் பயன் இருந்திராது. அண்மைக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் தொடுபலகை ஐ.2.சி. என்னும் வேறு வழியில் இணைந்திருக்கிறது. அதற்கு இயக்கி வேறு. கருவிகளின் பட்டியலில் தொடுபலகையின் பெயரே காணப்படாவிட்டால், உள்ளே இணைப்பு நாடா கழன்றிருக்கலாம். அப்போது கடைக்காரரிடம் செல்வதே முறை. பேட்டரி உப்பிப் பலகையை மேலே தள்ளியிருந்தால் கட்டளை எதுவும் தட்டாமல், உடனே கணினியை அணைத்துவிட வேண்டும். பழைய மடிக்கணினிகளில் இது நிகழ்வதுண்டு.

ஒவ்வொரு முறையும் இரு கட்டளைகளைத் தட்டுவது தொல்லை. கணினி உறங்கும்போதும் விழிக்கும்போதும் லினக்சு ஒரு குறிப்பிட்ட கோப்பகத்தைத் திறந்து, அங்கே உள்ள சிறு நிரல்களை இயக்கிப் பார்க்கும். உறங்குமுன் ‘ப்ரீ’ என்றும் எழுந்தபின் ‘போஸ்ட்’ என்றும் அவற்றுக்குச் சொல்லும். சேச்சி வரிவரியாகச் சொல்ல, சிறுமி ஆறே வரிகளில் ஒரு நிரல் எழுதினாள்: ‘போஸ்ட்’ என்ற சொல் வந்தால் பி.எஸ்.மவுசைக் கழற்று, ஒரு நொடி பொறு, மீண்டும் மாட்டு. கோப்பை அந்தக் கோப்பகத்தில் வைத்தாள். மூடியைச் சாத்தினாள், திறந்தாள்.

தொடுபலகை அசையவில்லை.

இருவரும் வரிகளை மூன்று முறை படித்தார்கள். எழுத்துப்பிழை இல்லை. சேச்சி நெற்றியில் அடித்துக்கொண்டாள். லினக்சில் ஒரு கோப்பைப் படிக்க இசைவு வேறு, இயக்க இசைவு வேறு. இயக்கும் இசைவு தராத நிரல் வெறும் எழுத்தாகவே கிடக்கும். லிட்டில் கைட்ஸ் பயிற்சியிலும் தான் இதே பிழையைச் செய்ததாக அவள் ஒப்புக்கொண்டாள். ‘சிஎச்மாட்’ என்னும் கட்டளையால் இசைவு கொடுத்தார்கள். மீண்டும் மூடியைச் சாத்தித் திறந்தார்கள். ஒரு நொடி சும்மா இருந்த சுட்டி, பிறகு விரலோடு நகர்ந்தது.

சிறுமி அத்தோடு விடவில்லை. பத்து முறை சாத்தித் திறந்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்துக் கோடுகள் ஏறின. அதன்பிறகே, ஞாயிற்றுக்கிழமை வந்த பழைய சாமான்காரரைத் தந்தை அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பியிருந்தாரே, அவருக்கு இனி இந்தத் தெருவில் வேலை இல்லை என்று சொன்னாள். தந்தை சிரித்துக்கொண்டே விரலைத் தொடுபலகையில் வைத்துப் பார்த்தார். அன்றெல்லாம் சோடாவிலும் கஞ்சியிலும் ஊறிய விரல், ஈரம் காயவில்லை. சுட்டி தாறுமாறாகத் துள்ளியது. ஈரத்தைப் பற்றி அவர் சொன்னது அந்த ஒரு வகையில் உண்மையாயிற்று. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். அந்த வாரத்துக் கணக்கை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்து, கடற்கரை விடுதிக்கு இரண்டு தலையணை உறைகள் குறைவாக எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தார்.

சொல்லும் பொருளும்

தொடுபலகை – விரலின் அசைவை உணரும் மடிக்கணினிப் பகுதி (டச்பேட்)
இயக்கி – ஒரு கருவியுடன் பேசும் நிரல்
பேரேடு – கணக்கு எழுதும் பெரிய புத்தகம்
ஒத்திசைவு – இரண்டும் பொருந்தி நடத்தல்
பிறழ்தல் – முறை மாறுதல்

எண்ணி எழுதுக

1. தொடுபலகை ‘சாகவில்லை’ என்று சேச்சி எதனால் முடிவு செய்தாள்?
2. மழை ஈரம் காரணம் அன்று என்பதைச் சிறுமி எவ்வாறு சோதித்து அறிந்தாள்? அவளுடைய நோட்டுப் பக்கம் எப்படி இருந்திருக்கும்? அட்டவணையாக வரைக.
3. மாட்டும் கட்டளையை முதலில் எழுதிக்கொள்ளுமாறு சேச்சி ஏன் கூறினாள்?
4. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் நீ பேசும் ஒரு நாளைப் பத்து வரிகளில் எழுதுக.